பனிமலையும் கரிசல் காடும்

வெளுத்ததையெல்லாம் பால் என்று நம்புகிறவரைப் பேதை என்கிறோம். கேமராவோ இதற்கு நேர்மாறான பேதை. கண்ணெதிரே வெண்மையே பரந்து கிடந்தாலும் அதை வெண்மை என்று அது ஒப்புக்கொள்வதில்லை! இந்த விந்தையை நன்கு அறிந்தவர்கள், பனிச்சறுக்கு வீரர்களைப் படம் எடுப்பவர்கள்.

பனிச்சறுக்கு என்றதும் அயல்நாட்டு விளையாட்டு என்று எண்ண வேண்டாம். காஷ்மீரத்தில் குல்மார்க்கிலும் உத்தரகண்டில் ஔலியிலும் கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு நம் நாட்டவரும் சரிவுகளில் பாய்ந்து இறங்குகிறார்கள். மணாலிப் பகுதியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் என்ற இளம்பெண் 2018-ஆம் ஆண்டு துருக்கியில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர், காஷ்மீரத்து ஆரிஃப் கான்.

இவர்களைப் படம் எடுப்பதில் என்ன தொல்லை? பளீரென்ற பனி, படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும். வீரரின் முகமோ கரியாக இருண்டுவிடும். காரணம் இதுதான்: கேமராவினுள் இருக்கும் ஒளிமானிக்கு நிறம் தெரியாது. எதைக் கண்டாலும், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் பொருள் என்றே அது கணக்கிடும். புதிதாய் விழுந்த பனியோ 80 முதல் 90 விழுக்காடு வரை ஒளியைத் திருப்பியனுப்பும். "அடடா, ஒளி மிகுந்துவிட்டதே!" என்று கருதி, கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது.

ஆகவே படம் எடுப்பவர், கேமரா சொல்வதற்கு மேல் ஒன்றரை அல்லது இரண்டு படி ஒளியைக் கூட்டுவார். ஒரு படி என்றால் இருமடங்கு. இரண்டு படி என்றால் நான்கு மடங்கு. அளவு மீறினால் பனியிலுள்ள மேடுபள்ளங்களும் தடங்களும் மறைந்து, வெறும் வெள்ளைத்தாள் போலாகிவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் விழும் வெயில், அந்த மேடுபள்ளங்களை அழகாக எடுத்துக்காட்டும்.

அடுத்தது வேகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் கடந்துவிடுவார். ஷட்டர் வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலும் அதற்குள் 28 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார், உருவம் கலங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் நகர்வு 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஓடுபவரைத் துரத்திக் குறிபார்ப்பதும் கடினம். ஆதலால் அவர் சுற்றித் திரும்பவேண்டிய கம்பத்தின்மேல் லென்ஸை முன்னதாகவே நிலைநிறுத்திக் காத்திருப்பார்கள். அவர் திரும்பும் நொடியில் பனித்தூள் சிதறும். அசையாத படத்தில் வேகத்தைக் காட்டுவது அந்தத் தூள்தான்.

பனியே காணாத அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் வாழும் நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? மதுரையிலிருந்து நம் ஊர் வழியே செல்லும் சாலையில் தூத்துக்குடிக்குப் போனால், உப்பளங்களில் வெண்குன்றுகள் கண்ணைப் பறிக்கும். அவற்றைப் படம் எடுக்கவும் பனிக்குரிய கணக்கே பொருந்தும். விளையாட்டு விழாவில் நாம் ஓடும்போது வெற்றிக்கோட்டின்மேல் லென்ஸை நிறுத்திக் காத்திருந்தால் போதும். அங்கே பனித்தூள் சிதறும். இங்கே செம்மண் புழுதி எழும்.

நம் கரிசல் காடு கற்பிப்பதோ மறுபாதிப் பாடம். கரிய மண் மிகக் குறைந்த ஒளியையே திருப்பியனுப்பும். கேமரா அதையும் சாம்பல் என்றே கருதி ஒளியைக் கூட்டிவிடும், கருமண் வெளிறிப்போகும். இங்கே நாம் ஒளியைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெண்ணிற உடை அணிந்த அருட்சகோதரியரும் வெள்ளைச் சீருடையில் நாமும் கூடி நின்று எடுத்த படத்தைப் பார்த்து, "என் முகம் மட்டும் ஏன் இப்படிக் கறுத்துப்போயிற்று?" என்று மனம் வாடும் மாணவியர் நம்மிடையே உண்டு. குறை முகத்தில் இல்லை, தோழியரே! இத்தனை வெண்மையைக் கண்டு மிரண்ட கேமரா, எல்லார் முகத்தையும் சேர்த்து இருட்டடித்துவிட்டது. செல்பேசியில் எடுப்பதானால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, ஒளியைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். நம் மாநிறமும் கருநிறமும் தத்தம் இயல்பான பொலிவுடன் தெரியும்.

கருவி எல்லாரையும் ஒரே சாம்பலாகவே எண்ணுகிறது. வெண்மையை வெண்மையாகவும் கருமையை கருமையாகவும் கண்டு அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள், கருவியைக் கையில் பிடித்திருக்கும் நாம்தான்.