ஏலமலை மாணவர்களும் சில்லுத் தொழிற்சாலைக் கனவும்: நுண்புனைவு ஆய்வகங்கள் ஏன் அவசியம்?

ஏலக்காய்த் தோட்டங்கள் சூழ்ந்த இடுக்கி மாவட்டத்தின் சக்குபள்ளத்தில் வளரும் மாணவர் ஒருவர், மின்னணுச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையில் பொறியாளராக முடியுமா? முடியும். ஆனால், அதற்கு அவர் கல்விக் காலத்திலேயே ஒரு நுண்புனைவு ஆய்வகத்துக்குள் நுழைந்து பயிற்சி பெற வேண்டும். அத்தகைய ஆய்வகங்கள் நாட்டில் மிகச் சிலவே உள்ளன.

வடிவமைப்பு வேறு, தயாரிப்பு வேறு

சில்லின் மின்சுற்றை வடிவமைக்கக் கணினியும் மென்பொருளும் போதும். எனவே, அதனைப் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்க இயலும். உலகின் சில்லு வடிவமைப்புப் பொறியாளர்களில் சுமார் 20 சதவீதத்தினர் இந்தியர்கள் என மத்திய அரசு கூறுகிறது.

அந்த வடிவத்தைச் சிலிக்கான் வில்லையின் மீது உருவாக்குவது முற்றிலும் வேறான தொழில். குஜராத்தின் தோலேராவில் தைவானின் பிஎஸ்எம்சி நிறுவனத்துடன் இணைந்து டாடா எலக்ட்ரானிக்ஸ் அமைக்கும் 91,000 கோடி ரூபாய் ஆலைக்கு, மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. மாதந்தோறும் 50,000 வில்லைகளைத் தயாரிக்கும் திறனுடன் திட்டமிடப்பட்டுள்ள இத்தகைய ஆலைகளுக்கு, தயாரிப்பு அனுபவம் உள்ளவர்களே தேவைப்படுகின்றனர்.

ஆய்வகத்துக்குள் நடப்பது என்ன?

நுண்புனைவு ஆய்வகத்தின் மையம், 'கிளீன் ரூம்' எனப்படும் தூசற்ற அறை. '100-ஆம் வகுப்பு' அறையில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரே ஒரு தூசு விழுந்தாலும் அவ்விடத்தில் உள்ள சுற்று பழுதாகிவிடும். அதனால் மாணவர்கள் உடலை முழுவதும் மூடும் உடையணிந்தே உள்ளே செல்கின்றனர்.

வில்லையின் மீது ஒளியுணர் பூச்சைத் தடவி, வடிவம் பொறித்த மறைப்பின் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்துவது லித்தோகிராபி. அப்பூச்சு நீல ஒளியாலும் பாதிக்கப்படும் என்பதால், இப்பணி மஞ்சள் விளக்கொளியில் நடைபெறுகிறது. பின்னர் தேவையற்ற பகுதிகளை அமிலத்தாலோ பிளாஸ்மாவாலோ அரித்து நீக்கி, உலோகப் படலம் படியச் செய்கின்றனர். இறுதியில், தாம் உருவாக்கிய டையோடு அல்லது டிரான்சிஸ்டர் இயங்குகிறதா என அளந்து பார்க்கின்றனர். இயங்கவில்லை எனில், எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்று தேடிக் கண்டறிய வேண்டும். தொழிற்சாலைப் பொறியாளரின் அன்றாடப் பணியும் அதுவே.

பகிர்ந்து பயன்படுத்தும் வழி

ஒவ்வொரு கல்லூரியும் தூசற்ற அறையைக் கட்டுவது இயலாது. கருவிகளின் விலை மட்டுமின்றி, காற்று வடிகட்டிகளையும் தூய நீரையும் இடைவிடாது பராமரிக்கும் செலவும் அதிகம். இதற்குத் தீர்வாகவே, பிற நிறுவனங்களின் மாணவர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறும் 'ஐஎன்யுபி' என்ற இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம், 2008-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கப்பட்டது. பின்னர் சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஐஐடிகளும் இதில் இணைந்தன. பெங்களூரு மையத்தின் தூசற்ற அறை மட்டும் சுமார் 14,000 சதுர அடிப் பரப்புடையது.

முதலில் அறிமுகப் பயிலரங்கு, அடுத்து நேரடிச் செய்முறைப் பயிற்சி, பிறகு சொந்த ஆய்வுத் திட்டம் எனப் படிப்படியாக வாய்ப்பு வழங்கப்படுகிறது.

எல்லைப் பகுதிக்கு என்ன பயன்?

சக்குபள்ளம் பகுதி மாணவர்களுக்கு, பைனாவில் இடுக்கி அரசுப் பொறியியல் கல்லூரியும், எல்லைக்கு இப்பால் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. இத்தகைய கல்லூரிகளில் மின்னணுவியல் பயில்வோர், சென்னை அல்லது பெங்களூரு ஆய்வகத்தில் சில நாள்கள் பயின்றாலும், அதுவரை படத்தில் மட்டுமே கண்ட தயாரிப்பு முறையைத் தாமே செய்து பார்க்கலாம்.

எனினும், தூசற்ற அறையில் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே பணிபுரிய முடியும் என்பதால் இடங்கள் குறைவு. பயிலரங்க அறிவிப்புகளை உரிய நேரத்தில் மாணவர்களிடம் கொண்டு சேர்ப்பதும், அவர்களை விண்ணப்பிக்கச் செய்வதும் கல்லூரிகளின் பொறுப்பாகும். அது நடைபெறாவிடில், புதிய ஆலைகளின் வேலைவாய்ப்புகள் பெருநகர மாணவர்களையே சென்றடையும்.