வளரும் பிள்ளைகளும் உடல் எடையும்

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் பங்குகளில், "சாமி, இவன் எலும்பும் தோலுமாக இருக்கிறானே" என்று கவலைப்பட்ட தாய்மாரே மிகுதி. இன்றோ, எட்டாம் வகுப்புப் பையனின் இடுப்புக்கு ஏற்ற கால்சட்டை கடையில் கிடைப்பதில்லை என்று முறையிடுகின்றனர். இது நம் ஊருக்கு மட்டும் உரிய விந்தையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோருள் மிகை எடை உடையோர் 1990-இல் நூற்றுக்கு 8 பேர். 2022-இல் 20 பேர்.

சோறு மிகுந்ததனால் மட்டும் விளைந்ததன்று இது. விடியுமுன் டியூஷன், அங்கிருந்து பள்ளிப் பேருந்து, மாலை மீண்டும் டியூஷன், இடையே கடையில் ஒரு பப்ஸ், ஒரு புட்டி குளிர்பானம். 300 மில்லி லிட்டர் கொண்ட அத்தகைய பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு தேக்கரண்டி, கரைந்திருக்கிறது. காப்பியில் அவ்வளவு போட்டுக் கொடுத்தால் பிள்ளையே துப்பிவிடுவான்! குளிர்ச்சியும் புளிப்பும் அவ்வினிப்பை மறைத்துவிடுகின்றன. இரவிலோ கைபேசி. பதின்பருவத்தார்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். அது குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுவதாகவும், நிறைவு தரும் சுரப்பு குறைவதாகவும் ஆய்வுகள் சில காட்டுகின்றன. நள்ளிரவில் பிஸ்கட் டப்பாவைத் தேடும் கை, பேராசையால் மட்டும் நீளுவதில்லை.

ஆகவேதான், 'குண்டு' என்று பெயர் சூட்டி மகிழும் சித்தப்பாமாரையும் அத்தைமாரையும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கேலியால் எடை குறைவதில்லை. பையன் ஒளித்துத் தின்கிறான். பெண்பிள்ளையோ காலை உணவையே விட்டுவிடுகிறாள். தவக்காலம் வந்துவிட்டால் அதற்கொரு பக்திப் போர்வையும் கிடைத்துவிடுகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, புலால் தவிர்த்தலை 14 வயது நிரம்பியோர்க்கும், நோன்பை 18 வயது நிரம்பியோர்க்குமே விதிக்கிறது என்பதைத் தாய்மார் அறிந்திருத்தல் நன்று. பதினைந்து வயதுச் சிறுமி வெறும் வயிற்றோடு சென்று தேர்வறையில் மயங்கி விழவேண்டுமென்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

பெரியவர்க்குரிய எடை அட்டவணை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயது, பால், உயரம் ஆகியவற்றைச் சேர்த்தே மருத்துவர் கணிப்பார். எடை மேலும் ஏறாமல் காத்தாலே, உயரம் கூடக் கூட உடல் சீர்பெறும் பிள்ளைகள் பலர்.

நாள்தோறும் 60 நிமிடமேனும் உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்கின்றனர் வல்லுநர். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டியோ சில வீடுகளில் துணி உலர்த்தவே பயன்படுகிறது! டியூஷனுக்காவது அதில் போகட்டும். கோயில் மைதானமும் மாலையில் திறந்தேயிருக்கிறது. பந்து பட்டு உடைந்த சன்னல் கண்ணாடிக்கு நாம் எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை.