மைதானத்துக்கு வெளியே – 14: ஒடிந்த மணிக்கட்டும் பதினேழாவது வீரரும்

போன வாரம் கிரிக்கெட் வீரர் ராயுடுவைப் பற்றி எழுதினேன். இன்று நேரே ஆந்திர ரஞ்சி அணியின் கேப்டனாக இருந்த விஹாரிக்கு வருகிறேன்.

மாநில அணி மாறத் தேவைப்படும் தடையில்லாச் சான்று என்ற ஒரு தாள் ஆட்டக்காரரை எப்படிக் கட்டிப்போடுகிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக ஹனுமா விஹாரியின் ஸ்கோர் அட்டைகளைப் புரட்டியபோது இந்தூர் ஆட்டம் ஒன்று கண்ணில் பட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரியின் கடைசி நாள். ரஞ்சி கோப்பைக் கால் இறுதி. ஆந்திரத்துக்கு எதிரே நடப்புச் சாம்பியன் மத்தியப் பிரதேசம். 16 ரன் எடுத்திருந்த கேப்டன் விஹாரியின் இடது மணிக்கட்டில் ஆவேஷ் கானின் பவுன்சர் வந்து மோதியது. எலும்பு முறிவு. அவர் வெளியேற, ரிக்கி புய்யும் கரண் ஷிண்டேயும் சதமடித்தார்கள். மறுநாள் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது ஸ்கோர் 353. இன்னிங்ஸ் முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் விஹாரி மட்டையோடு இறங்கினார். இறங்கியவர் இடது கை ஆட்டக்காரராக நின்றார்.

ஏன் என்று கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வலது கை ஆட்டக்காரர் நிற்கும்போது பந்து வீசுபவரைப் பார்த்திருப்பது அவருடைய இடது முன்கை. ஒடிந்ததே அந்தக் கைதான். பக்கத்தை மாற்றி நின்றால் நல்ல வலது கை முன்னால் வந்துவிடும், உடைந்தது பின்னால் ஒதுங்கிவிடும். ஆனால் சிறு வயதிலிருந்து பழகிய காலசைவு, கண் கோணம் எல்லாமே தலைகீழாகிவிடும். எதிரே வருவது தெருப்பந்து அல்ல, முதல்தர வேகப்பந்து. அப்படி நின்று கடைசி விக்கெட்டுக்கு 26 ரன் சேர்த்தார்கள். விஹாரி மொத்தம் 57 பந்தில் 27. அணி 379. இரண்டாவது இன்னிங்ஸில் ஆந்திரம் 93-க்குச் சுருண்டபோது மறுபடி இறங்கி, ஒற்றைக் கையால் மட்டையை வீசி 16 பந்தில் 15 ரன் எடுத்தார். மத்தியப் பிரதேசம் ஐந்து விக்கெட்டில் வென்றது.

மணிக்கட்டு ஒடிந்தால் என்ன பாடு என்று புத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை ஒட்டிய ராசபாளையத்தில் நூறாண்டுக்கு மேலாக எலும்புக்குக் கட்டுப் போடுகிறார்கள். பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, அவ்வளவுதான் சாமான். முயல் வேட்டைக்குப் போன கேசவ ராஜு, காலொடிந்த முயலுக்கு இலை சுற்றிக் கட்டப்போய் மருந்தைக் கண்டுகொண்டார் என்று கதை சொல்வார்கள். திருத்தணி, நகரி வழியாகத் தமிழ்நாட்டு வண்டிகள் இன்றும் வருகின்றன. ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தொங்காத தமிழ்நாட்டு ஊர் குறைவு. மைதானத்தில் கபடி ஆடிக் கை பிசகினாலும் முதலில் வாயில் வருவது இந்த ஊரின் பெயர்தான். கட்டோடு திரும்பும் ஆளால் டம்ளரைத் தூக்க முடியாது. விஹாரியோ மட்டையைத் தூக்கினார்.

புதிதாக வந்த பிடிவாதமும் இல்லை இது. 2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். தொடைத் தசை கிழிந்து ரன் ஓட முடியாத நிலையில் 161 பந்து நின்று 23 ரன். எதிர்முனையில் முதுகு வலியோடு அஷ்வின். அவர் தமிழில் சொல்லிச் சொல்லி ஆடியது ஸ்டம்ப் மைக்கில் ஊருக்கே கேட்டது. டெஸ்ட் டிரா ஆனது.

இப்படிப்பட்ட ஒரு கேப்டனை ஆந்திரம் ஓராண்டுக்குள் இழந்தது. காரணத்தின் ஒரு முனை நம் திருப்பதியில் இருக்கிறது.

2024 ஜனவரி 5, விசாகப்பட்டினம். சீசனின் முதல் ஆட்டம், முந்தைய சீசனில் இறுதி ஆட்டம் வரை வந்த வங்காளத்துடன். வங்காளத்தின் 409-ஐத் தாண்டி ஆந்திரம் முன்னிலை பெற்றது. ஆட்டம் முடிந்ததும் விஹாரி தலைமையை விட்டார். சொந்தக் காரணம் என்று சொல்லப்பட்டது. ரிக்கி புய் கேப்டனானார்.

பிப்ரவரி 26. மறுபடி கால் இறுதி, மறுபடி இந்தூர், மறுபடி மத்தியப் பிரதேசம். 170 ரன் இலக்கு. விஹாரி 55 அடித்தும் ஆந்திரம் நான்கு ரன்னில் தோற்றது. அன்றே இன்ஸ்டாகிராமில் அவர் எழுதினார்: வங்காள ஆட்டத்தில் பதினேழாவது வீரரைச் சத்தம் போட்டேன், அவர் அரசியல்வாதியான தன் அப்பாவிடம் சொன்னார், அப்பா ஆந்திரக் கிரிக்கெட் சங்கத்திடம் சொன்னார், என்னைப் பதவி விலகச் சொன்னார்கள், சுயமரியாதை போன இடத்தில் இனி ஆந்திரத்துக்காக ஆடமாட்டேன். அந்த அப்பா திருப்பதி மாநகராட்சியில் அன்றைய ஆளுங்கட்சிக் கார்ப்பரேட்டர் என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது மாநில விளையாட்டு அமைச்சர் ரோஜா. புத்தூர் அவருடைய அன்றைய தொகுதியான நகரியில்தான் இருக்கிறது. இதில் அவருக்குப் பங்கு உண்டென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ‘ஆடுதாம் ஆந்திரா’ என்ற அரசு விளையாட்டு விழாவில் மாநிலமே கிரிக்கெட்டும் கபடியும் ஆடிய அதே ஜனவரியில்தான் இது நடந்தது.

பதினேழாவது வீரரான அந்த இளைஞரும் பேசினார். வெளியே சொல்லப்படுவது பொய், தனிப்பட்ட தாக்குதலையும் கெட்ட வார்த்தையையும் யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றார். விஹாரி எல்லார் முன்னாலும் திட்டியதாக முறையான புகார் வந்தது என்றது சங்கம். விஹாரியோ, அவரே கேப்டனாக இருக்கட்டும் என்று சக வீரர்கள் கையெழுத்திட்ட கடிதத்தை வெளியிட்டார்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட வாய்ப்பின்றி உட்கார்ந்தே இருக்கும் பதினேழாவது வீரருக்கும் மானம் உண்டு. திட்டு எல்லை மீறியிருந்தால் அபராதம் போட்டிருக்கலாம், ஓர் ஆட்டம் நிறுத்தி வைத்திருக்கலாம். போட்டுவிட்டு, இதற்காகத்தான் போட்டோம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஜனவரியில் ‘சொந்தக் காரணம்’, பிப்ரவரியில் ‘புகார்’ என்று இரண்டு காரணம் வந்தபோது சங்கத்தின் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது. புகார் கொடுத்த இளைஞருக்கும் அதனால் நன்மை இல்லை. அவர் நியாயமே கேட்டிருந்தாலும் அது அப்பாவின் செல்வாக்கு என்றே ஊர் பேசியது.

இனி அந்தச் சான்றுக்கு வருவோம். அமெரிக்கக் கூடைப்பந்தில் 2021-ல் பென் சிம்மன்ஸ் பிலடெல்பியா அணியோடு முறைத்துக்கொண்டு, இனி இங்கே ஆடமாட்டேன் என்று உட்கார்ந்தார். அபராதம் விழுந்தது, சம்பளம் நின்றது. ஆனால் 2022 பிப்ரவரியில் புரூக்லின் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே கோபித்துக்கொண்டவருக்கு மாற்றலாகிப் போக ஒரு வழி இருக்கிறது. ரஞ்சி ஆட்டக்காரர் மாநிலம் மாற வேண்டுமானால், யாரோடு சண்டையோ அவர்களே தடையில்லை என்று எழுதித்தர வேண்டும். இரண்டு மாதத்தில் நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வரவில்லை என்று விஹாரி எழுதினார். 2024 ஜூனில் ஆட்சி மாறியது, சான்று வந்தது. கையில் சான்று வந்த பிறகு புதிய அரசின் அமைச்சர் நாரா லோகேஷைச் சந்தித்துவிட்டு, ஆந்திரத்துக்கே ஆடுகிறேன் என்றார். செப்டம்பரில் விஜயவாடா எம்.பி. கேசினேனி சிவநாத் சங்கத் தலைவரானார். அரசியல் ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறந்தது என்றால், ஆட்டக்காரரின் சாவி கடைசிவரை யாரிடம் இருந்தது?

அந்தத் தாளின் விதிகள், யார் கையெழுத்துப் போடலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையெல்லாம் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். 2025-ல் விஹாரி ஆந்திரத்தை விட்டுத் திரிபுராவுக்கே போய்விட்டார். ஆகவே அகர்தலாவிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)