அவசரம் ஆகாத பணி
பழைய வால்வு ஆஸிலாஸ்கோப்புக்கு மீண்டும் உயிர்

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் செய்தி கேட்டுவிடாது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவக்கும். பெட்டியின் பின்புறம் வெதுவெதுப்பாகும். அதன் பின்னரே, எங்கோ தொலைவிலிருந்து வருவது போல ஓசை எழும். "பொறு, சூடாகட்டும்" என்பார் வீட்டுப் பெரியவர். அந்த ரேடியோவில் இருந்தவை ஐந்தாறு வால்வுகளே. பல பத்து வால்வுகளைத் தன்னுள் அடக்கிய ஒரு கருவியும் அந்நாளில் இருந்தது. அதன் பெயர் ஆஸிலாஸ்கோப். தமிழில் அலைகாட்டி எனலாம்.

மருத்துவமனையில் நோயாளியின் இதயத் துடிப்பு ஒளிக்கோடாக ஏறி இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஆஸிலாஸ்கோப் செய்வதும் அதுவே. மின்சுற்றில் ஓடும் அலையைக் கண்ணுக்குப் புலப்படும் கோடாகத் திரையில் வரைந்து காட்டுகிறது. இதற்கு அடிப்படையான கதோடுக் கதிர்க் குழாயை 1897இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கினார். 1909ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை மார்க்கோனியுடன் பகிர்ந்து கொண்டவர் அவர். ஆனால் அப்பரிசு கம்பியில்லாத் தந்திப் பணிக்காக வழங்கப்பட்டது, இக்குழாய்க்காக அன்று.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் முதலியோர் 1946இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1947இல் வெளிவந்த அவர்களது 511 மாடலின் விலை 795 டாலர். அலையைத் திரையில் அசையாமல் நிறுத்தி, அதன் கால அளவை நம்பிக்கையுடன் கணக்கிட வழி செய்த கருவி அது. 1950களில் 535, 545 ஆகிய மாடல்களும், பின்னர் 545ஏ மாடலும் வந்தன. 545ஏ ஏறத்தாழ முப்பது கிலோ எடையுள்ளது. அது தின்னும் மின்சாரமோ ஒரு சிறு மின்னடுப்புக்கு நிகரானது. ஆய்வுக்கூடங்கள் கழித்துக் கட்டிய அக்கருவிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்வோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர்.

அவர்களுக்கு வரும் முதற் சோதனை வால்விலோ கம்பியிலோ இல்லை, மனத்தில்தான் இருக்கிறது. கருவி வீடு வந்து சேர்ந்ததும், "வேலை செய்கிறதா, ஒரு முறை போட்டுப் பார்ப்போமே" என்று கை துடிக்கும். இருபது முப்பது ஆண்டு உறங்கிய கருவியில் ஒரே நொடியில் முழு மின்சாரத்தையும் பாய்ச்சினால், அதுவரை பிழைத்திருந்த உறுப்புகளும் சேர்ந்து கருகக்கூடும்.

நீராட்டும் காற்றாட்டும்

முதலில் பக்கத் தகடுகளைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் வெறுமனே பார்க்க வேண்டும். கருகிய ரெஸிஸ்டர், உப்பிய கண்டன்ஸர், எலி கடித்த கம்பி ஆகியவற்றில் பாதி கண்ணுக்கே தெரிந்துவிடும். உள்ளே குளிர்காற்றுக்கென ஒரு விசிறி உண்டு. அது பல்லாண்டு இழுத்துச் சேர்த்த தூசு, ஈரத்தை ஏற்று, மின்சாரம் கசியும் வழியாக மாறிவிடும்.

அடுத்துச் செய்வது கேட்போரைத் திடுக்கிடச் செய்யும். கருவியைத் தண்ணீரில் கழுவுகிறார்கள்! டெக்ட்ரானிக்ஸின் பழுதுபார்க்கும் கூடங்களிலேயே இந்த வழக்கம் இருந்தது: மென்மையான சோப்பு நீரைப் பீச்சித் தூசகற்றி, நல்ல நீரால் அலசி, இளஞ்சூட்டில் உலர்த்துவார்கள். வீட்டில் செய்வோர் டிரான்ஸ்பார்மர்களில் நீர் இறங்காமல் காத்து, கருவியை நாட்கணக்கில் காற்றாட விடுகின்றனர். ஈரம் முற்றும் போகுமுன் சுவிட்சைப் போட்டவர் அதுவரை செய்த உழைப்பை இழப்பார்.

பிறகு கண்டன்ஸர்களின் முறை. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்ஸர்களுள், நெடுநாள் சும்மா கிடந்தால் மின்கடத்தாப் படலம் நலிந்துபோகும். குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தினால் சிலவற்றில் அப்படலம் மீண்டும் வளரும். இதற்கு உதவுவது வேரியாக். நம் பட்டறைகளில் டிம்மர்ஸ்டாட் என்பார்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. வால்வுகள் சூடேறும் வரை உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து வைக்கும் ஒரு ரிலே இக்கருவியில் இருக்கிறது. மின்சாரம் குறைவாயிருந்தால் அது மூடாமலே நின்றுவிடலாம். அதை அறியாதவர், எல்லாம் செம்மையாக நடப்பதாக எண்ணி ஏமாறுவார். எனவே அனுபவசாலிகள் கண்டன்ஸர்களைத் தனித்தனியே சோதிப்பதையே விரும்புகின்றனர். வண்ணப் பட்டைகளுடன் வண்டு போலத் தோன்றும் கறுப்புக் காகிதக் கண்டன்ஸர்களோ திருந்துவது அரிது, மாற்றிவிடுவதே மேல்.

அப்படி மாற்றும்போது பழைய உருவம் கெடுமே என்று வருந்துவோர் உண்டு. அவர்கள் பழைய கூட்டைத் திறந்து, புதியதை உள்ளே மறைத்து வைக்கின்றனர். காட்சிக்கு வைக்கும் கருவிக்கு அது பொருந்தும். பயன்படுத்தப் போகும் கருவிக்கு, என் கருத்தில், வெளிப்படையாக மாற்றி, மாற்றியதைக் குறித்தும் வைப்பதே நேர்மை. அடுத்து அதைத் திறப்பவர் ஏமாறமாட்டார் அல்லவா?

பற்றவைப்பதிலும் கவனம் வேண்டும். உறுப்புகளைத் தாங்கும் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் வெள்ளி பூசப்பட்டிருக்கும். சாதாரண ஈயத்தால் திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் வெள்ளி அதில் கரைந்து, பிடிப்பு விட்டுப்போகும். ஆகவே, வெள்ளி கலந்த ஈயக் கம்பியின் சிறு சுருள் ஒன்றைக் கருவிக்குள்ளேயே வைத்து விற்றனர். என்றோ ஒரு நாள் இதைப் பழுதுபார்ப்பான் என்று முகமறியா ஒருவனுக்காக வைத்த பொருள் அது! அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சுருள் அப்படியே இருக்கக் கண்டவர்கள் உண்டு.

உயிரோடு விளையாடலாகாது

மின்வழங்கியைச் சீர்செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சரியாக வேண்டியது மைனஸ் 150 வோல்ட். 100, 225, 350, 500 வோல்ட் வழங்கிகள் அனைத்தும் அதையே அளவுகோலாகக் கொண்டவை. அது பிசகினால் எல்லாமே பிசகும். இதை அறியாமல் நூறு இடங்களில் பழுது தேடி அலைந்தோர் பலர். வால்வுகளை ஒட்டுமொத்தமாகப் பிடுங்கி மாற்றுவதும் தவறு. பழுதில்லாத வால்வை அது இருந்த இடத்திலேயே திரும்பச் செருகுமாறு நிறுவனத்தின் கையேடே கூறுகிறது. முழு மின்சுற்றுப் படமும், ஒவ்வொரு பகுதியின் விளக்கமும் கொண்ட அக்கையேடுகள் இல்லையேல் இப்பணி இன்று நடந்தேறாது.

படக்குழாயில் எலக்ட்ரான்களை முடுக்க 10,000 வோல்ட் பயன்படுகிறது என்றதும் எவரும் அதற்கே அஞ்சுவர். ஆனால் அங்கே பாயக்கூடிய மின்னோட்டம் சிறிது. அதனால் அது தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. எனினும் பெரிய கண்டன்ஸர்களில் தேங்கி நிற்கும் 350, 500 வோல்ட் அதனினும் கொடியது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது காத்திருக்கும். தக்க ரெஸிஸ்டர் வழியாக அதை இறக்கி, இறங்கியதா என மீட்டரால் உறுதி செய்யாமல் விரல் வைத்தல் கூடாது. மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்; இதயத்தின் குறுக்கே மின்சாரம் பாயும் வாய்ப்பு குறையும். வீட்டில் எவரும் இல்லாத வேளையில் இவ்வேலையைத் தொடவே வேண்டாம். திறந்த கருவியைப் பிள்ளைகள் நடமாடும் அறையில் விட்டுச் செல்லவும் வேண்டாம். உரிய பயிற்சி இல்லாதவர் அருகிருந்து பார்ப்பதோடு நிற்பதே நலம்.

இத்தனையும் முடிந்து, ஒரு நாள் வட்டத் திரையில் பச்சைக் கோடு எழும். கருவிக்குள்ளேயே பிறக்கும் சதுர அலையை அதற்கே ஊட்டி, உயரமும் அகலமும் சரிதானா என்று பார்ப்பார்கள். உடனே தகடுகளை மூடிவிடுவதில்லை. சில மாடல்களில் உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மரின் காப்புப் பொருள் மூப்படைந்து, சூடேறச் சூடேற வலுவிழக்கும். முதல் அரைமணி நேரம் கூர்மையாக இருந்த கோடு அதன் பிறகு மங்கும், உருவம் ஊதிப் பெருக்கும், இறுதியில் மறையும். அப்படியானால் மெல்லிய கம்பியை நூற்றுக்கணக்கான சுற்றுகள் கையால் சுற்றிப் புதிய டிரான்ஸ்பார்மர் செய்ய நேரும். அதையும் செய்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே விசிறி சுழல, வால்வுகள் செம்மஞ்சளாய் ஒளிர, இரண்டு மூன்று மணி நேரம் கோட்டைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கிறார்கள்.