வானத்துக்கும் வாசல் உண்டு

ஒரு நாட்டின் தலைவர் பறக்கும் விமானத்தை இன்னொரு நாடு தன் வான்வழியில் விட மறுக்கலாமா?

மறுக்கலாம். 1944-இல் சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம். பயணிகள் விமானங்களுக்கு அதில் பல சலுகைகள் உண்டு. தலைவர்கள் செல்லும் அரசு விமானத்துக்கோ தனி அனுமதி வாங்கியாக வேண்டும்.

2019 செப்டம்பரில் நம் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஐஸ்லாந்து புறப்பட்டபோது பாகிஸ்தான் அந்த அனுமதியைத் தரவில்லை. காஷ்மீர் விவகாரத்தில் அதற்கிருந்த கோபம்தான் காரணம். அதே மாதம் பிரதமர் மோடியின் அமெரிக்கப் பயணத்துக்கும், அக்டோபரில் சவூதிப் பயணத்துக்கும் இதே பதில்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இந்தியா முறையிட்டது. தலைவர்களின் விமானம் அரசு விமானம், அது உடன்படிக்கைக்குள் வராது என்று அந்த அமைப்பு கைவிரித்துவிட்டது.

2021 பிப்ரவரியில் நிலைமை தலைகீழானது. பாகிஸ்தானின் அப்போதைய பிரதமர் இம்ரான் கான் கொழும்பு செல்ல நம் வான்வழியைக் கேட்டார். பழைய கணக்கைப் பார்க்காமல் இந்தியா அனுமதித்தது. பெருந்தன்மையான முடிவு! அதே ஆண்டு அக்டோபரில் ரோம் நகருக்குப் புறப்பட்ட மோடியின் விமானத்துக்குப் பாகிஸ்தானும் வழிவிட்டது.