வரகுக்கோழியும் மாதிரிக் கையெழுத்தும்

செய்யாறு பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். கடிதத்தில் பாதி கோபம், பாதி வருத்தம். வேர்க்கடலை பிடுங்கிய கொல்லை ஓரமாக சைக்கிளில் போகும்போது வரகுக்கோழி ஒன்று எழும்பிப் பறந்ததைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்ததும், பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்திருக்கிறார். இரண்டு நாளில் ஒரு கேள்வி வந்தது: கூடுதல் விவரம் தர முடியுமா? தந்தார். அடுத்து வந்தது பதில்: இப்போதைக்கு இதை உறுதிசெய்ய இயலவில்லை. "இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவன் சார் நான். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று முடித்திருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை என்றே நானும் நம்புகிறேன். ஆனால் திருப்பி அனுப்பியவர் செய்ததும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் இந்த வாரக் கதை.

ஓய்வு பெறும்வரை வங்கியில் குப்பை கொட்டியவன் நான். காசோலையை வாங்கி, அதிலிருக்கும் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் ஏழெட்டு வருஷம் வேலை. தினமும் டீக்கடையில் என் பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர், கை நடுக்கத்தோடு போட்டுக் கொடுத்த கையெழுத்தை ஒருநாள் திருப்பிக் கொடுத்தேன். "என்னைத் தெரியாதா தம்பி உனக்கு?" என்றார். தெரியும். ஆனால் அந்தக் காசோலையை அடுத்த வருஷம் ஆடிட்டர் புரட்டுவார், அவருக்குப் பெரியவரைத் தெரியாது. பறவைப் பதிவும் அப்படித்தான். செய்யாற்றில் ஆசிரியரைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஐம்பது வருஷம் கழித்து, இந்தப் பக்கத்தில் வரகுக்கோழி எப்போதெல்லாம் வந்தது என்று தேடப்போகிறவருக்கு அவர் யாரோ.

ஈபேர்ட் எப்படி நடக்கிறது என்பதைப் பட்டியல் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலருக்குத் தெரியாதது அதன் பின்னால் இருக்கும் சல்லடை. ஒவ்வொரு பகுதிக்கும், ஆண்டின் ஒவ்வொரு காலத்துக்கும், எந்தப் பறவை எத்தனை வரை இருந்தால் இயல்பு என்று ஓர் எண் வைத்திருப்பார்கள். மார்கழியில் ஏரியில் நூறு வலசை வாத்து என்றால் சல்லடை வாயைத் திறக்காது. வெயில் கொளுத்தும் வைகாசியில் வலசைக் குருவி ஒன்று என்றால் உடனே தனியே எடுத்து வைக்கும். எடுத்து வைத்ததைப் பார்ப்பது ஒரு மனிதர், சம்பளமில்லாத தன்னார்வலர். பகலெல்லாம் தன் பிழைப்பைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து நம் பட்டியலைப் பார்க்கிறார். அவர் ஏற்காவிட்டால் பதிவு அழிந்துபோவதில்லை. உங்கள் சொந்தக் கணக்கில் அது அப்படியே இருக்கும், பொதுக் கணக்கில் மட்டும் சேராது. நாளை ஒரு படம் கிடைத்தால் மறுபடி கேட்கலாம்.

சரி, வரகுக்கோழிக்கு வருவோம். மழைக்காலத்தில் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளில் இனப்பெருக்கம் செய்யும் பறவை. சேவல் புல்லுக்கு மேலே ரப்பர் பந்து மாதிரி எம்பி எம்பிக் குதிக்கும். மழை ஓய்ந்ததும் தெற்கே சிதறிவிடும், அதன்பின் கண்ணில் படுவது அபூர்வம். அந்தப் பருவத்தில் கொண்டையும் கிடையாது, கறுப்பும் கிடையாது, மண் நிறத்தில் கீறல் கீறலாக இருக்கும். நம் கொல்லைகளில் ஏற்கெனவே அதே மண் நிறத்தில் கண்கிலேடி என்ற பறவை உட்கார்ந்திருக்கிறதே, சிக்கல் அங்கேதான். சைக்கிளில் போகிறவர் காலடியில் திடுதிப்பென்று எழும்பினால் இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் அந்தத் தன்னார்வலர் சிறகைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வெள்ளை தெரிந்ததா என்பதோடு நிறுத்தவில்லை, எங்கே தெரிந்தது என்றும் கேட்டிருக்கிறார். கண்கிலேடி பறக்கும்போது, சிறகின் கறுத்த பறப்பிறகுகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். வரகுக்கோழிச் சேவலுக்குச் சிறகின் முன்பகுதியில், தோள் பக்கம் வெள்ளை இருக்கும். பெட்டைக்கு அதுவும் எடுப்பாக இருக்காது. ஆசிரியர் எழுதிய பதில் "சிறகில் வெள்ளை இருந்தது, நிச்சயம் வரகுக்கோழிதான்." முதல் பாதியில் ஒரு தடயம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் முடிவு மட்டும் இருக்கிறது. சரிபார்ப்பவருக்கு வேண்டியது தடயம்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நானும் அடி வாங்கியவன். எங்கள் ஊர் ஏரிக்கரையில், கோரைக்குள் பழுப்பாக, உடம்பெல்லாம் புள்ளியோடு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்ற ஒன்றைப் பெருங்குருகு என்று பதிந்து, நாலு பேருக்கு போன் போட்டும் சொல்லிவிட்டேன். மங்கலான படமும் அனுப்பினேன். ராத்திரி வந்த பதிலில் ஒரே ஒரு கேள்வி: இறக்கையில் இருப்பது கீறலா, சொட்டுச் சொட்டாக விழுந்த புள்ளியா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரவைத் தோசையில் எண்ணெய் தெறித்தது மாதிரி வெள்ளைச் சொட்டுகள். ஊரில் எல்லா வேலிக்காத்தான் மரத்திலும் கூடு கட்டும் வக்காவின் குஞ்சுதான், வளர்ந்த குஞ்சு. போன் போட்ட நாலு பேருக்கும் மறுபடி போன் போடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

படம் இருந்தால் கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆந்தைக் கதை சொல்கிறேன். படம் என்ன, பறவையின் உடலே கையில் இருந்தும் உலகம் ஏமாந்த கதை.

மத்திய இந்தியக் காடுகளில் ஒரு சின்ன ஆந்தை உண்டு. ஃபாரஸ்ட் அவுலெட் என்பார்கள், காட்டுச் சிற்றாந்தை என்று வைத்துக்கொள்வோம். 1873ல் பெயர் வைத்தார்கள். 1884ல் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கான்தேஷ் பக்கம் சுட்டெடுத்ததற்குப் பிறகு காணோம். உலகத்து அருங்காட்சியகங்களில் இருந்தது மொத்தம் ஏழே உடல்கள். அதில் ஒன்றில் மட்டும் 1914, குஜராத், மாண்ட்வி என்று சீட்டு. எடுத்தவர் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். பட்டாளத்துக்காரர், உளவாளி, பறவை அறிஞர், பெரிய மனிதர். அவர் சொன்னதை யார் சந்தேகப்படுவார்கள்? தேடப் போனவர்கள் குஜராத்திலும் தேடினார்கள். சாலிம் அலியே தேடியும் கிடைக்கவில்லை.

1990களில் பமீலா ராஸ்முசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த உடலைக் கையில் எடுத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், உள்ளே அடைத்திருந்ததைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு பொருளை அடைத்திருந்தது தெரிந்தது. பறவையைப் பாடம் செய்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. எங்கே கிழிப்பது, எப்படித் தைப்பது, உள்ளே எதை எவ்வளவு அடைப்பது எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். நாம் பூரணத்தை மடிக்கும் விதத்தை வைத்தே எந்த வீட்டுக் கொழுக்கட்டை என்று சொல்வதில்லையா? பிரித்து மறுபடி தைத்தாலும் பழைய கைவாகு முழுக்க அழியவில்லை. அது டேவிட்சனின் கை. லண்டன் அருங்காட்சியகத்திலிருந்த டேவிட்சனின் ஆந்தையைக் கர்னல் தூக்கிக்கொண்டு போய், பழைய சீட்டைக் கழற்றிப் புதுச் சீட்டு கட்டியிருக்கிறார். முன்பே ஒருமுறை உடல்களை அனுமதியில்லாமல் எடுத்துப்போனார் என்று அதே அருங்காட்சியகம் அவரை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தது. அப்படியும் அவர் சேகரத்தை வாங்கிக்கொண்டது. வங்கிக்காரனுக்கு இது புதிதில்லை. பெரிய மனிதர் கொண்டுவரும் காசோலையில் மாதிரிக் கையெழுத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

பொய்ச் சீட்டை ஒதுக்கியதும் தேட வேண்டிய இடம் தெளிவானது. பழைய, யோக்கியமான சீட்டுகளில் இருந்த ஊர்களுக்குப் போனார்கள். 1997 நவம்பர் 25 காலை, மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்குப் பக்கத்தில், ராஸ்முசனோடு போன பென் கிங் ஒரு மொட்டை மரத்தைக் காட்டினார். உச்சந்தலையில் புள்ளி கிட்டத்தட்ட இல்லை, காலில் தடித்த வெள்ளை இறகு. நாம் வழக்கமாகப் பார்க்கும் புள்ளி ஆந்தை இல்லை. 113 வருஷம் கழித்து அது பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. வீடியோவும் எடுத்துக்கொண்டார்கள், வெறும் வாய்ப்பேச்சாகப் போய்விடக் கூடாதே.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். கடப்பைப் பக்கத்துப் புதர்க்காடுகளில் ராத்திரி மட்டும் நடமாடும் பறவை, தெலுங்கில் கலிவிக்கோடி. புத்தகங்களில் ஜெர்டன் கோர்சர். 1900க்குப் பிறகு வெகுகாலம் அதைப் பார்த்ததாக நம்பத்தகுந்த பதிவே இல்லாமல் இருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் ஊர் ஊராகப் படத்தைக் காட்டி விசாரித்தார். அறிஞர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1986 ஜனவரியில் ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர், டார்ச் வெளிச்சத்தில் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அவர் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பறவை தொலைந்தே போயிருக்கவில்லை.

ஆனால் எத்தனை இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன? ராத்திரிப் பறவையை எப்படிப் படம் எடுப்பது? தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிவரும் ப. ஜெகநாதனும் கூட்டாளிகளும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வேலை செய்தார்கள். புதர்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் சலித்த மண்ணைச் சில மீட்டர் நீளத்துக்குப் பாய் மாதிரி பரப்பிவைத்தார்கள். ராத்திரி யார் நடந்தாலும் காலையில் சுவடு இருக்கும். மார்கழிக் காலையில் வாசலில் கோலப்பொடி மேல் காக்காய் நடந்துவிட்டுப் போயிருக்குமே, அதுதான். கலிவிக்கோடிக்குப் பின்விரல் கிடையாது, மூன்றே விரல். அது மட்டும் போதாது, கண்கிலேடிக்கும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டிக்கும்கூட அப்படித்தான். அதனால் ஒவ்வொரு சுவடையும் அளந்தார்கள். அதன் குரலையும் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். பறவை எந்தப் புதரில் இருக்கிறது என்பது மண்ணில் எழுதிய கணக்காகச் சேர்ந்தது.

2005ல் கலிவிக்கோடி வாழும் சரணாலயத்துக்குள் பொக்லைன் வந்து நின்றது. சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவரும் அதே தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று, அனுமதியில்லாமல் பறவையின் இடத்தில் தோண்டப்பட்டது. இங்கே பறவை இருக்கிறது என்று வாயால் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எழுத்தில் கணக்கு இருந்தது. கால்வாய் வழி மாறியது.

நமக்கோ இன்று சுவடு அளக்கப் பொறுமை இல்லை. போனை நீட்டினால் மெர்லின் செயலி ஒரு பெயர் சொல்கிறது, அதை அப்படியே பட்டியலில் போட்டுவிடுகிறோம். செயலி சொன்னால் அது யோசனைதானே, சாட்சி இல்லையே! இன்னொரு கூட்டம், அரிய பறவை என்று கேள்விப்பட்டதும் அதன் குரலை ஸ்பீக்கரில் போட்டுப் போட்டு வெளியே இழுத்துப் படம் எடுக்கிறது. கூடு வைத்திருக்கும் காலத்தில் அதற்கு இரை தேட நேரம் இருக்குமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஆபத்திலிருக்கும் சில பறவைகளின் சரியான இடத்தை ஈபேர்டே பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கிறது. நாம் வாட்ஸப் குழுவில் கூகுள் மேப்போடு அனுப்பிவைக்கிறோம்.

ஆசிரியருக்குத் தனியாகவும் பதில் எழுதியிருக்கிறேன். மளிகைக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு ஒன்றை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பறவை பார்த்த அந்த நிமிஷமே, புத்தகத்தைத் திறக்குமுன் எழுதுங்கள், படம் வரைய வராவிட்டாலும் சிறகின் கோட்டுப்படம் போட்டு வெள்ளை எங்கே என்று புள்ளி வையுங்கள் என்றெல்லாம். நிச்சயமில்லை என்றால் "வரகுக்கோழி அல்லது கண்கிலேடி" என்று நோட்டில் எழுதிவிட்டு வாருங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை என்றும் சேர்த்தேன். கடலைக் கொல்லைக்கு மறுபடி போகிறாராம், சுவடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அளக்காமல் வெறுமனே சுவடு பார்த்துப் பிரயோஜனமில்லை சார். வரகுக்கோழிக்கும் மூன்று விரல்தான்.