காப்பீடு மறுத்தாலும் மனநல மருந்தை நிறுத்தாதீர்கள்

தனியார் மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து மாதா மாதம் மருந்து வாங்குகிறார் ஒருவர். மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று பில்லை அனுப்புகிறார். ‘இதற்குப் பணம் தர இயலாது’ என்று கடிதம் வருகிறது. வீட்டில் சொல்லக் கூச்சம், கையில் பணமும் இல்லை. மாத்திரையை விட்டுவிடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மனநல மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம். தணிந்திருந்த நோயும் திரும்பலாம்.

ஏன் மறுக்கிறார்கள்?

மலேசியாவில் பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானவை. வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்கு அவை பணம் தருவதில்லை. பல பாலிசிகளில் மனநலக் கோளாறுகள் விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். பாலிசி எடுத்தபோது கேட்ட கேள்விக்கு நோயை மறைத்துப் பதில் சொல்லியிருந்தாலும் சிக்கல்தான். வேலையிடத்தில் கொடுத்த கார்டு என்றால், மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அதன் விதிகள் வேறாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

ஏஜெண்ட் வாய்மொழியாகச் சொல்வது போதாது. எந்த விதியின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதைப் பாலிசிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். விதி தெளிவாக விலக்கியிருந்தால் புகார் பலன் தருவது கடினம். பொருந்தவில்லை என்றால், மருத்துவரின் கடிதத்துடன் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள்.

இறுதி முடிவும் திருப்தி தரவில்லையா? 6 மாதத்திற்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவையிடம் முறையிடலாம். 60 நாளாகியும் நிறுவனம் பதில் தராவிட்டாலும் அங்கே போகலாம். கட்டணம் இல்லை. வழி தெரியாதவர்கள் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் கேட்கலாம்.

அதுவரை மருந்துக்கு?

புகாரின் முடிவுக்காக மாத்திரை காத்திருக்க முடியாது. தனியார் மருத்துவரின் கடிதத்தையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினால், நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அரசாங்கப் பட்டியலில் உள்ள மருந்து அங்கேயே கிடைக்கும். அதே பிராண்ட் இல்லாவிட்டால், அதே மருந்தை வேறு பெயரில் தருவார்கள். அல்லது மருத்துவர் படிப்படியாக மாற்றித் தருவார்.

தோட்டத்தில் இருப்பவர்கள் மருந்துக்காக ஒவ்வொரு மாதமும் டவுனுக்கு அலைய வேண்டியதில்லை. ‘எஸ்.பி.யு.பி.’ முறையில் வீட்டருகே உள்ள கிளினிக்கிலேயே தொடர்மருந்தைப் பெற முடியுமா என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

மனம் தாங்காத நேரத்தில் 15555 என்ற எண்ணில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பதைப் போலத்தான் இதுவும். கேட்டு வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.